இரண்டாம் பாகத்தைக் கேள்வி கேட்ட கலாமணி

கலாமணி நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று எஸ்.எம்.எஸ். வந்தபோது, கம்பெனியில் சாம்பிள் பனியன்களுக்கு நடுவே நின்றிருந்தேன். மாலையில் குன்னத்தூருக்குத் துக்கம் கேட்கப் போனேன். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத புள்ளைங்க அது" என்று அவருடைய அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அது பொய். புருஷனோடு சேர்ந்து வாழச் சொல்லிச் சமாதானம் பேச வந்த அதே அண்ணனை கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, "இல்லீங்ணா, நான் வரலீங்க" என்று செக்கிங் டேபிள்வரை கேட்கும்படி சொன்னவர் கலாமணி.

வேலைக்குப் போகக்கூடாது என்றதால் புகுந்த வீட்டை விட்டு வந்தவர் அவர். தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. கரண்ட் போய் மெஷின்கள் நின்றதும் நாவலை எடுத்துவிடுவார். பழைய ஆங்கில நாவல்களின் சாயலில் எழுதப்பட்ட ஒரு காதல் கதையின்மேல் எங்கள் இருவருக்கும் பைத்தியம். கர்வம் பிடித்த மில் முதலாளி. அவனை எதிர்த்துப் பேசும் டீச்சர். வேலையை விடச் சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்பாள். அவன் இறங்கி வருவான். "அந்தப் பக்கத்தை இன்னொருக்கா வாசிங்க, மெர்சி" என்பார் கலாமணி என்னிடம்.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது. டீச்சர் வேலையை விட்டிருந்தாள். கணவன் சந்தேகப்பட்டான், அவள் அழுதாள். கடைசியில் மன்னிப்புக் கேட்டதும் அவள்தான்.

அதை எழுதியவர் எங்கள் ஊர்ப் புத்தகக் கண்காட்சிக்குப் பேச வந்தார். கலாமணி எழுந்து மைக்கை வாங்கினார்.

"முதல் பாகத்துல அவ நல்லாப் பேசுனாளுங்க. ரெண்டாவதுல ஏனுங்க அவ வாயைத் தெச்சுப்போட்டீங்க?"

எழுத்தாளர் சிரித்தார். "குடும்பம் சேர்ந்திருக்கணும்னுதானே வாசகர்கள் ஆசைப்படறாங்க?"

"நானும் வாசகிதானுங்க. என்னைய யாரும் கேக்கலீங்களே."

மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். என்ன மரியாதை அது? கேள்வி கேட்கச் சொல்லி அழைத்ததே அவர்கள்தான். கலாமணி உட்காரவில்லை. "பிரிஞ்சு வந்தவளும் சம்பாரிச்சு, சோறு தின்னு, நல்லாத்தானுங்க இருக்கறா. அதையும் எழுதுங்க" என்று முழுக் குரலில் சொன்னார். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "நான் பாதியிலேயே மூடி வச்சிட்டேன். நீங்க எப்படிக்கா கடைசிவரைக்கும் படிச்சீங்க?"

"என்ன பண்ணிப்போட்டாங்கன்னு முழுசாத் தெரிஞ்சாத்தானுங்க எந்திரிச்சு நின்னு கேக்க முடியும்."

கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு எழுந்து நிற்கும் அந்தக் கோபத்தைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். யார் வந்து சொன்னாலும் அதைத் தணித்துக்கொள்ளப் போவதில்லை.