தம்பி திரும்பி வருவான் என்று சொன்னவர்

அந்தச் செல்போனின் கண்ணாடி மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை விரிசல் விட்டிருந்தது. அதில் வீடியோ ஓடினால் பேசுகிறவரின் முகம் இரண்டாகப் பிளந்து தெரியும். திருபுவனையில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியின் கேண்டீனில், ஆப்பரேட்டர் அண்ணன் அந்தப் போனைத் தண்ணீர் ஜக்கின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டில் கை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. அவர் பார்த்தது சினிமா இல்லை. ஒரு சினிமாவைப் பற்றி அவருடைய மகன் பேசி யூடியூபில் போட்டிருந்த வீடியோ. அந்த மகன் வீட்டை விட்டுப் போய் அப்போது ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது.

பிள்ளைகளே, கொஞ்ச நாளாக நம் வீட்டில் அந்த மந்திரப் படத்தின் இரண்டாம் பாகத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. டிரெய்லர் போட்டால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன் என்பதைப் பெரியவள் கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாப்பா, பேயின்னு பயமா? அதுல பேய்கூட இல்லியே" என்று சின்னவன் கிண்டல் செய்தான். வாயால் சொல்ல இரண்டு முறை முயன்றேன், வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் பாகத்தின் கதை உங்களுக்கு மனப்பாடம். வேறு யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன். ஹீரோவின் மணிக்கட்டில் நிறைய கயிறுகள். ஒவ்வொரு மந்திரம் போடும்போதும் ஒரு கயிறு எரிந்து போகும். கயிறு எரிந்தால் அதோடு சேர்ந்து அவன் ஞாபகம் ஒன்றும் போய்விடும். கடைசியில் ஊரே கடலில் மூழ்கப் போகிறது, கையில் மிச்சம் ஒரே கயிறு. அது அவன் சொந்தத் தம்பியின் ஞாபகம். அதையும் எரித்துவிடுகிறான். ஊர் பிழைக்கிறது. தம்பி ஓடி வந்து கட்டிப் பிடிக்கிறான். "நீ யார்?" என்று கேட்கிறான் அண்ணன். தம்பி கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்து போய்விடுகிறான். படம் முடிந்துவிடும். நம் பக்கத்தில் கையில் கயிறு கட்டாத ஆள் யார் இருக்கிறார்கள்? அதனாலோ என்னவோ, வெள்ளைக்காரன் எடுத்த படத்தை வில்லியனூர், பாகூர் பையன்கள் சொந்தப் படம் மாதிரி பிடித்துக்கொண்டார்கள். ஹீரோவுக்குக் 'கயிறுக்காரன்' என்று பேர் வைத்தார்கள். பேனர் வைத்தார்கள், பேனரில் அவனுக்குப் பக்கத்தில் தங்கள் போட்டோவையும் வைத்துக்கொண்டார்கள். அடுத்த பாகத்தில் தம்பி வருவானா, வந்தால் நல்லவனாக வருவானா, வில்லனாக வருவானா என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை சண்டை.

ஆப்பரேட்டர் அண்ணன் கரிக்கலாம்பாக்கத்துக்காரர். சின்ன வயதில் கரும்பு வெட்டப் போனவர். வெட்டப் போன கரும்புக் கொல்லைகள் பிளாட்டு ஆனதும் கம்பெனிக்கு வந்து, பாட்டில் மூடி செய்கிற மெஷினில் நின்றார். அந்த மெஷின் பக்கம் போனாலே முகம் வெந்துவிடும். வேலைக்கு வரும்போது என்னை வில்லியனூரில் தன் மொபெட்டில் ஏற்றிக்கொள்வார். வழியெல்லாம் மகன் பேச்சுதான். மகன் பாலிடெக்னிக் முடித்தும் முடிக்காமல் அரியர் வைத்திருந்தான். எந்நேரமும் அந்தப் படத்தைப் பற்றி வீடியோ போடுவான். இந்தக் காட்சிக்கு இன்னா அர்த்தம், அடுத்த பாகத்தில் இன்னா வரும் என்று அவன் பேசுவதைக் கேட்க ஒரு பெரிய கூட்டமே இருந்தது. அண்ணன் மேனேஜரிடம் நடையாய் நடந்து அவனுக்கு ஒரு இன்டர்வியூ வாங்கிக் கொடுத்திருந்தார். இன்டர்வியூ அன்றைக்குக் காலையில் அவன் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்து பாதி ஷிஃப்டில் வீட்டுக்குப் போன அண்ணன் போனைப் பிடுங்கித் தரையில் அடித்தார். "மந்திரமாடா சோறு போடும்? போடா, அந்தக் கயிறுக்காரன் வூட்டுக்கே போ" என்றார். அவன் போய்விட்டான். அந்தப் போனைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. போலீஸ் ஸ்டேஷனில், பெரிய பையன்தானே, கோபம் தணிந்தால் வருவான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சென்னை, திருப்பூர் என்று தெரிந்த இடத்திலெல்லாம் கேட்டாயிற்று.

கண்ணாடிதான் உடைந்ததே தவிர போன் வேலை செய்தது. அதில் மகனின் சேனல் திறந்தபடியே இருந்ததால், அவன் ரசிகர்கள் எழுதுவது வந்துகொண்டே இருந்தது. 'ப்ரோ எங்க போயிட்ட?' 'அடுத்த வீடியோ எப்போ ப்ரோ?' அண்ணன் இதைப் படித்துப் படித்து ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "கடைய இப்படியே மூடி வெச்சிருந்தா, அவன் எந்தக் கடைக்குடா திரும்பி வருவான்? தொறந்து வெக்கணும்பா." இப்படித்தான் அவரே வீடியோ பேச ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரத்தில், அட்டைப் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் பின்னால் நின்று பேசுவார். நான்தான் கேமராமேன். உடம்பில் கம்பெனி நீலச் சட்டை, தலையில் முடி விழாமல் போடுகிற வலைத் தொப்பி. கல்யாண வீட்டு மைக்கில் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்: "அனைவருக்கும் வணக்கம். நான் இந்தச் சேனல் தம்பியோட அப்பா பேசறேன்."

பையன்கள் சும்மா விடுவார்களா? 'யாருப்பா இந்தப் பெருசு?' என்று ஒருத்தன். 'தொப்பி சூப்பர் அங்கிள், கேட்டரிங்கா?' என்று இன்னொருத்தன். 'மந்திரம் போட எலுமிச்சம்பழம் வெப்பாங்களா அங்கிள்?' என்று கேட்டவனுக்கு, என்னை உட்கார வைத்துப் பதில் எழுதச் சொன்னார்: 'வெப்பாங்க தம்பி. ஆனா இந்தப் படத்துல வெக்கல.' மெல்ல மெல்ல அவர்களுக்கு இவரைப் பிடித்துப் போயிற்று. அங்கிள் இன்னா சொல்கிறார் என்று கேட்கவே ஒரு கூட்டம் சேர்ந்தது. ஆனால் அங்கிள் எப்போதும் சொன்னது ஒன்றுதான். "அண்ணங்காரன் மறந்துட்டான், சரி. தம்பி மறக்கலியே. மறக்காதவன் வந்துதான தீரணும்?" எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து முடிப்பார். 'செண்டிமெண்ட் புழியாதீங்க அங்கிள், தம்பிதான் வில்லன், கன்ஃபார்ம்' என்று எழுதுவார்கள்.

ஒரு சாயங்காலம் மொபெட்டில் வரும்போது கேட்டார்: "வில்லன்னு எழுதறானுங்களே, அப்படின்னா அண்ணனப் போட்டு அடிப்பானாடா?"

"அடிப்பான்ணே. வில்லன்னா அடிச்சுதான ஆகணும்."

"அடிக்கட்டும். அடிக்கறதுக்காவது வரணுமில்ல."

வில்லியனூர் வரும் வரைக்கும் நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

முதல் பாகத்துக்கு அவரை வலுக்கட்டாயமாகக் கூட்டிப் போனவன் மகன்தான். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுப் போனதால் ஏசி காற்றில் அண்ணன் நன்றாகத் தூங்கிவிட்டார். "நீ யார்?" என்று கேட்கும்போதுதான் விழித்தாராம். வெளியே வந்து மகன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தானாம். "அடுத்த பாகத்துக்காவது முழிச்சிக்கினு பாருப்பா" என்றானாம். "சரிடா, உன் பக்கத்துல உட்காந்து முழுசா பாக்கறேன்" என்று இவர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையைத்தான் அண்ணன் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கே இருந்தாலும் முதல் நாள் முதல் காட்சிக்கு அதே தியேட்டருக்கு வருவான் என்று நம்பினார். ரிலீஸ் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்தார். படம் தள்ளிப் போகும், லீவைத் திரும்ப வாங்குவார். "இன்னா ஆப்பரேட்டரே, உங்க வயசுக்கு ஃபர்ஸ்ட் ஷோவா? பால் ஊத்தப் போறீங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார். வீட்டில் அண்ணி வில்லியனூர் கோயிலில் வேண்டிக்கொண்டு கயிறு கட்டி, அப்படியே மாதா கோயிலுக்கும் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். அவர்கள் இருவரும் எதிர்பார்த்த அளவுக்கு அந்தப் படத்தை உலகத்தில் எந்த ரசிகனும் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குப் போனபோது கேட்டில் நின்றபடி அண்ணன் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். வீடியோ ஒன்றையும் காணோம். மகன் போட்டதும் இல்லை, இவர் போட்டதும் இல்லை. அந்தச் சேனலே இல்லை. நெட் இருக்காது என்று நான் சொன்னேன். எங்கள் பேக்கிங் பிரிவில் கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண் இருந்தாள். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது தானா போகல அண்ணே. பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆளுதான் உள்ள போய் அழிச்சிருக்கணும்" என்றாள்.

"நீ அழிச்சியாடா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு பாஸ்வேர்டே தெரியாதுண்ணே."

"எனக்கும் தெரியாது. அப்போ..." என்றவர் சட்டென்று சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. "இருக்கான்டா! எம்புள்ள உசுரோட இருக்கான்டா! அவன் கைதான்டா இது!" ஷிஃப்டில் இருந்த அத்தனை பேருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். கேட்டுக் காவலருக்குக்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தார். அண்ணிக்குப் போன் போட்டு, "நீயே சொல்லுடா" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

மத்தியானம் அவர் மெஷினை நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தார். ஓடுகிற மெஷினை அவர் நிறுத்தி நான் பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்பா, நான் பேசனது அத்தனையும் அவன் பாத்திருப்பான் இல்ல?"

"பாத்திருப்பான்ணே."

"பாத்துட்டுதான அழிச்சிருக்கான்."

நான் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே இருந்தேன். அவர் போய் மெஷினைப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி ரிலீஸ் தேதி சொன்னார்கள், அவர் லீவு கேட்கவில்லை. சூப்பர்வைசரும் கிண்டல் செய்யவில்லை. மொபெட்டில் என்னை ஏற்றிக்கொள்வார், இறக்கிவிடுவார், அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது அவருடைய தம்பி மகன்.

நம் ஊரில் கண்ணீர் அஞ்சலி பேனர் இல்லாமல் சாவு உண்டா? பேனர் அடிக்கும்போது, வருந்துகிறவர்கள் வரிசையில் மகன் பேரும் படமும் முதலில் இருக்க வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். வீட்டில் அவன் பெரியவனான பிறகு எடுத்த படம் ஒன்றும் இல்லை. அந்தப் போனில் ஒன்று இருந்தது. கயிறு கட்டிய கையைக் கயிறுக்காரன் மாதிரி தூக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிற படம். அதைத்தான் போட்டார்கள். கரிக்கலாம்பாக்கம் கூட்ரோட்டுச் சந்திப்பில் அத்தனை பேரும் கை கூப்பி அழுகிற முகத்தோடு இருக்க, மகன் மட்டும் மந்திரம் போட்டுக்கொண்டு சிரித்தான். தெரியாதவர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அண்ணி அதைக் கழற்ற விடவில்லை. அந்தப் பேனரை நாங்கள் எல்லோரும் ஸ்டேட்டஸில் வைத்தோம். முன்பு அவரைக் கிண்டல் செய்த ரசிகர் பையன்கள் எங்கிருந்தோ கேள்விப்பட்டு, 'மிஸ் யூ அங்கிள்' என்று போட்டு ஊரெல்லாம் பரப்பினார்கள். மகன் கண்ணில் படாமல் இருந்திருக்க வழியே இல்லை. காரியம் முடியும் வரைக்கும் அண்ணி வாசல் கதவைச் சாத்தாமலே வைத்திருந்தார். அவனிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

இப்போது உண்மையாகவே படம் வருகிறது. அதே தியேட்டரில் முதல் காட்சிக்கு நீங்கள் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டீர்கள். தம்பி வருவானா மாட்டானா என்று பந்தயம்கூடக் கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்குப் புத்தி சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்பாவிடம் கோபித்துக்கொண்டு போகக் கூடாது என்றோ, பிள்ளைகளை அப்படிப் பேசக் கூடாது என்றோ எழுதினால் சுலபமாக முடிந்துவிடும். அவர்கள் இருவருக்குமே அது தெரியாதா?

நான் உங்களோடு வருவேன். விளக்கு அணைகிற வரைக்கும் வாசல் பக்கம் நிற்பேன். அவன் வரமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். வந்துவிட்டால்? அவன் தன் வீடியோவையெல்லாம் அழித்த அன்றைக்கு அவன் அப்பா சந்தோஷத்தில் ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்தார் என்று சொன்னால், மிச்சமுள்ள காலம் முழுக்க அவன் அதைச் சுமக்க வேண்டும். சொல்லாவிட்டால், கோபத்தோடேயே போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு வாழ்வான். நடந்ததை முழுசாக அவனிடம் சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் இல்லை, எந்த வார்த்தையில் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. அண்ணன் அத்தனை லீவு போட்டுக் காத்திருந்த அந்த நாளில், அவன் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு தியேட்டர் வாசலில் நிற்கப் போகிறவன் நான்தான்.