சுதன் குளித்துக்கொண்டிருக்கிறான்

போதையிலிருந்து மீள வருகிற மனிதர்களை எண்ணிக்கையாக்குவதுதான் என் உத்தியோகம். கொட்டாஞ்சேனையில் ஒரு சிகிச்சை நிலையம். வந்தவரின் வயது, ஊர், பாவித்த பொருள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, எந்தப் பக்கம் எந்தப் போதை பரவுகிறது என்று மாதா மாதம் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். கட்டம் நிரப்பியே கண் பூத்துப்போன என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான் விளங்கும்.

சிவப்புப் புள்ளிகள்

ஐஸ் என்கிற போதைப்பொருள் முதலில் ஒருகொடவத்தை லொறிக்காரரிடம் தெரிந்தது. பிறகு கொட்டாஞ்சேனை. வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் நகர நகர, என் வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று விரலால் அளந்து பார்ப்பேன். என் வீடு எங்கே என்று நிலையத்துக்கு வருபவர் எவரிடமும் மூச்சு விட்டதில்லை. ஒருநாள், சிகிச்சைக்கு வந்த லொறி டிரைவர் ஒருவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"அடுத்தது வெள்ளவத்தைதான் சேர். உங்க வீட்டுப் பக்கம்."

தண்ணீர்ச் சத்தம்

சிகிச்சை முடிந்து போனவர்களுக்கு மாதம் ஒருமுறை போன் எடுத்து விசாரிப்பதும் என் தலையில்தான். 'பாவிக்கிறார்', 'பாவிக்கவில்லை', இரண்டில் ஒன்றைப் பதிய வேண்டும். வெள்ளவத்தைச் சுதனுக்கு எடுத்தால் எப்போதும் தாயார்தான் பேசுவார். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். எப்போது எடுத்தாலும் அதே சத்தம், அதே பதில்:

"அவன் குளிக்கிறான் தம்பி. இப்ப ஒண்டும் பாவிக்கிறேல்லை."

பக்கத்து மேசை

ஒருநாள் சுதனின் தாயாரோடு பேசிவிட்டு நான் போனை வைத்ததும், எங்கள் ஆலோசகர் பரீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. சுதன் ஐஸ் பாவித்தே செத்துவிட்டானாம். பெருநாளுக்கு முந்தியே செத்த வீட்டுக்குப் போய் வந்தாராம். தண்ணீர்ச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்ப அங்க குளிக்கிறது யாரு?"

பைப்

அந்தச் சாவைப் பதியாவிட்டால் வெள்ளவத்தையில் எல்லாம் சுகம் என்றே கணக்குக் காட்டும். அங்கேதான் என் மகனும் ரியூஷனுக்குப் போய் வருகிறான். மனதைக் கல்லாக்கிக்கொண்டு போன் எடுத்தேன். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "அம்மா, எனக்குத் தெரியும்" என்றேன். பைப்பைப் பூட்டும் சத்தம் கேட்டது. பிறகு தாயார் சொன்னார்:

"பதியுங்கோ தம்பி. ஆனா போன் எடுக்கிறதை நிப்பாட்டிப் போடாதேங்கோ. நீங்கள் ஒராள்தான் இன்னும் அவனைக் கேக்கிறனீங்கள்."

பதிந்துவிட்டேன், மேலிடத்துக்கு எச்சரிக்கையும் போய்விட்டது; ஆனாலும் மாதா மாதம் போன் எடுக்கிறேன், சுதனும் ஒழுங்காகக் குளித்துக்கொண்டுதான் இருக்கிறான்.