தம்பியால் முடியாதவை

நடந்தது இதுதான்:

1. மனவளர்ச்சி குறைந்த தம்பிக்கு இருபது வயதானது. பிள்ளைகளுக்கான உதவி நின்றது. ஊனமுற்ற பெரியவர்களுக்குப் பிரெஞ்சு அரசு தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம்.
2. உதவித்தொகை அலுவலகத்தின் மருத்துவர் அவனைப் பார்க்க அழைத்தார். அம்மா அவனுக்குச் சவரம் செய்து, சட்டையை அயன் செய்து, கூட்டிப் போனார்.
3. எதைக் கேட்டாலும் ‘உய்’ என்று பிரெஞ்சில் ஓம் சொல்ல அம்மா அவனைப் பழக்கியிருந்தார். பெரிய ஆட்களிடம் இல்லை என்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தார். தனியாகச் சமைப்பாயா? உய். கடைக்குப் போய் வருவாயா? உய்.
4. உதவி கிடையாது என்று கடிதம் வந்தது.
5. மறுபடி பரிசீலிக்கக் கேட்டோம். நேரில் வந்து விளக்கச் சொன்னார்கள். பேச வேண்டியவள் நான் என்று வீட்டில் முடிவானது.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லாச்சப்பலில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பி வெளியே வந்து வணக்கம் சொல்வான். இரண்டாவது கேள்விக்கு முன் அம்மா அவனை உள்ளே அனுப்பிவிடுவார். வந்தவர்கள் நல்ல பிள்ளை என்று சொல்லிப் போவார்கள். மருத்துவரும் அப்படியே நினைத்துவிட்டார்.

அப்பா கடையைப் பூட்டி வந்ததும் கத்தினார்.

“வாடகைக்கு விட்டிருக்கிற லெ பிளாங்-மெனில் வீட்டை அவன்ரை பேரிலை எழுதிப்போட்டா முடிஞ்சுது. ஏன் உவையளிட்டைப் போய்க் கெஞ்சுறியள்?”

“வாடகை அவன்ரை பேரிலை வந்தா வருமானம் எண்டு பாப்பினம், அப்பா. பிறகு விண்ணப்பிச்சாலும் உதவி குறையும். உங்கள் ரெண்டு பேருக்கும் பிறகு அவனைப் பாக்க ஆள் வேணுமே?”

“அப்ப என்ரை பிள்ளை ஒண்டுக்கும் ஏலாதவன் எண்டு ஊருக்குச் சொல்லித்தான் அவன் சாப்பிடோணுமோ?”

ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் பதில் அதுதான்.

மென்பொருளைச் சோதித்து அதிலுள்ள பிழைகளை எழுதிக் கொடுப்பது என் வேலை. என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, எத்தனை தடவைக்கு ஒருமுறை. தம்பியைப் பற்றியும் அதே வரிசையில் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

சந்திப்பு நாளன்று காலை அம்மா சவரக்கத்தியை எடுத்தார். நான் தடுத்தேன்.

“உந்தக் கோலத்திலையோ கூட்டிக்கொண்டு போகப்போறாய்? என்ன நினைப்பினம்?”

“நீங்கள் இல்லாட்டி அவன் இப்பிடித்தான் இருப்பான், அம்மா. அதை அவை பாக்கோணும்.”

அம்மா கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். நான் சொன்னது உண்மைதான். இருந்தாலும் தாடியோடும் கசங்கிய சட்டையோடும் மெட்ரோவில் எதிரே இருந்த தம்பியைப் பார்க்க முடியாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனேன்.

அலுவலக அறையில் விசாரிப்பவர்களுக்கு நடுவில் இருந்த பெண்மணி அன்பாகவே கேட்டார். நான் வாசித்தேன். அடுப்பை அணைக்க மறப்பான். காசு கொடுக்க வேண்டிய இடத்தில் பேர்சையே நீட்டிவிடுவான். தனியாக வெளியே போகமாட்டான். தம்பிக்கு என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு விளங்கும். அவன் கையை உயர்த்தினான்.

“நான் தனியாகப் போயிருக்கிறேன், மதாம். தேர்த் திருவிழா அன்று, ரூ பஜோல் வீதிக் கோயிலுக்கு. போய் வந்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “உண்மையா?”

அவன் தன் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்ல வைத்திருந்தது அது ஒன்றுதான். உண்மை என்று சொல்லிவிட்டால் மருத்துவர் எழுதியதே நிற்கும்.

“நான் பின்னால் போனேன்,” என்றேன். “அவனுக்குத் தெரியாது. சந்தியில் இரண்டு தடவை தவறாகத் திரும்பினான். தெரிந்த கடைக்கார அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, அவனைத் தற்செயலாகக் கண்டதுபோல் வழி காட்டச் சொன்னேன்.”

அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டார். தம்பி கையை இறக்கினான். அதன் பிறகு கேட்ட எதற்கும் அவன் உய் சொல்லவில்லை.

வெளியே வந்து நடக்கும்போது தம்பி கேட்டான்.

“கடைக்கார அண்ணை தற்செயலா வந்ததும் பொய்யோ?”

“ஓம்.”

“அம்மாக்குத் தெரியுமோ?”

“அம்மாதான் என்னை உனக்குப் பின்னாலை அனுப்பினவ.”

“தேர் மட்டும் உண்மை, என்ன?” என்றான். சிரிப்பதா என்று தெரியாமல் மெட்ரோப் படிகளில் இறங்கினேன்.

இப்போது நிலைமை இது. உதவித்தொகை கிடைத்துவிட்டது. சில வருடங்களில் மீண்டும் கேட்க வேண்டும். அப்போதும் நான்தான் பேச வேண்டும். வீட்டை அப்பா இன்னும் தம்பி பேரில் எழுதவில்லை. உதவி குறையாமல் அதை அவனுக்கு விட்டுப்போக என்ன வழி என்று சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் கேட்டிருக்கிறோம். தம்பி என்னோடு பேசுகிறான், சாப்பிட்டாயா என்றால் ஓம் என்கிறான். தனியாக எங்கும் போவதில்லை.