‘ஆ’ பாதியோடு நின்ற கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்கும் துறைமுகத்துக்குப் போகும் சாலைக்கும் நடுவே ஒரு சுவரும் ஒரு சாக்கடையும்தான். கன்டெய்னர் லாரி பள்ளத்தில் இறங்கி ஏறினால் சமையலறையில் டம்ளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். திருவொற்றியூரில் இத்தனை வருடமாக இப்படித்தான் தூங்குகிறேன். சத்தம் நின்றால்தான் முழிப்பு வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவி வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள். டிவியோடு மாட்டுகிற சின்ன எட்டு பிட் கம்ப்யூட்டர். அதன் மெமரி ஒரே ஒரு கே, சுமார் ஆயிரம் எண்ணுக்குத்தான் இடம். இன்று போனில் வந்து விழும் காலை வணக்கப் படத்தின் ஓர் ஓரத்தைக்கூட அதில் வைக்க முடியாது. அதில் தமிழ் வராது என்றார்கள். இவள் கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, புள்ளிகளை எண்களாக்கி, திரையில் வரவழைக்க ப்ரோக்ராம் எழுதினாள். எழுத்துக்கு முப்பத்திரண்டு எண். ‘அ’ வந்தது. ப்ரோக்ராமே இடத்தையெல்லாம் தின்றதில் ‘ஆ’ பாதியில் மெமரி தீர்ந்துவிட்டது. மெமரியைக் கூட்ட வகுப்பில் வசதியில்லை. அப்புறம் நான் வந்து சேர்ந்தேன். மீதி எழுத்துகள் பீரோவில் தாளாகவே கிடந்தன.

போன வருடம் யானைக்கவுனியில் ஒரு பழைய சாமான் கடையில் அதே மாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. மணலியில் ஓர் ஆலையில் கருவிகளைப் பழுதுபார்ப்பவன் நான். பற்றவைப்பது பழகிய கை. பதினாறு கே மெமரியை ஒரு சின்ன போர்டில் பற்றவைத்து, பின்பக்கம் சொருகுகிற மாதிரி செய்தேன். நாலு மாதம் பிடித்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து, எரிகிற கண்ணைத் துடைத்துக்கொண்டு. போர்டு அருமையாக வேலை செய்தது, லாரி வரும்வரை.

சொருகிய இடத்தில் ஒரு மயிரிழை ஆட்டம். வீடு அதிர்ந்தால் போர்டு நடுங்கும். ஒரு கணம் தொடர்பு விட்டால் அடித்ததெல்லாம் போய்த் திரை வெறும் வெள்ளையாக நிற்கும். அந்தக் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமைக் கேசட்டில்தான் பதிந்து வைக்கும்; அதற்குக் கிடைத்த டேப்ரெக்கார்டரின் பெல்ட் கறுப்பு அல்வாவாக உருகியிருந்தது. மூன்று முறை அடித்தாள். மூன்றாவது முறை ‘க’வில் போனது. தாள்களை மடித்தாள்.

“இன்னும் ஒரே தபா. அதுக்கு மேல என்னால முடியாதுய்யா. கண்ணு வலிக்குது.”

நான் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு நண்பனைக் கூப்பிட்டேன். கப்பலில் கன்டெய்னர்கள் ஆடாமல் இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவது அவன் வேலை. போர்டை விரலால் தட்டிப் பார்த்தான்.

“இத்தப் போயி மெமரின்றியா மாமு? பிஸ்கோத்து கணக்கா கீது.”

“ஆடாம நிக்குமா?”

“நடுக்கடல்ல ஆடாம நிக்கவெக்கிறேன், உன் மேஜை மேல நிக்காதா? நவுரு.”

சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, மேலே வலைக்கயிற்றால் இறுக்கினான். கம்ப்யூட்டர் விசைகள் மட்டும் தெரிகிற பொட்டலம் மாதிரி ஆனது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு எதிலும் வராது. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று, மீஞ்சூர் வரை போய் ரயிலிலிருந்து இறங்கித் திரும்பிய ஆள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஷிஃப்ட் முடிந்து வரும்போது சாலையில் லாரி வரிசை அசையாமல் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர்கள் வண்டிக்கடியில் பாய் விரித்திருந்தார்கள். ஊரே திட்டுகிற நெரிசல். நான் ஓடினேன்.

“ஏம்மே, உக்காரு! ஒண்ணும் நவுரல!”

கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் எண்களைப் படித்தேன், அவள் அடித்தாள். ‘ஔ’ தாண்டினோம். ‘ண’ தாண்டினோம். சோறு இல்லை, காபி மட்டும். நண்பன் வாசற்படியில் உட்கார்ந்து சாலையைக் காவல் காத்தான். மூன்று மணி சுமாருக்குக் கடைசி எண்ணையும் அடித்து, ஓடவிட்டாள்.

திரையில் ஒவ்வொன்றாக வந்தன. ‘ஆ’ முழுசாக வந்தது. ‘இ’ வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ‘ன’ வரை வந்து நின்ற பிறகு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“ற-வுல ஒரு புள்ளி தப்புய்யா. இரு, மாத்திடறேன்.”

அப்போது வெளியே எஞ்சின்கள் உறுமின. தரை அதிர்ந்தது. டம்ளர்கள் பேச ஆரம்பித்தன. நான் பாய்ந்துபோய்ப் போர்டை இரண்டு கையாலும் பிடித்தேன்.

திரை வெள்ளையானது.

“லாரி...” என்றேன்.

“லாரி இன்னா பண்ணுச்சு?” என்றான் வாசலில் இருந்தவன். “நான் கட்டுனது கல்லாட்டம் நின்னுச்சு மாமு. நீதான் புட்ச்சி ஆட்டுன. அடுத்து உன் கையக் கட்றேன்.”

உண்மைதான். நான் வாயைத் திறந்து என்னென்னவோ சொன்னேன்: நானே எல்லாவற்றையும் அடிக்கிறேன், வேறு போர்டு செய்கிறேன், வீட்டை மாற்றலாம். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. பென்சிலை எடுத்துத் தாளில் ‘ற’வில் ஒரு கட்டத்தை அழித்து, பக்கத்துக் கட்டத்தில் புள்ளி வைத்தாள். எண்ணை மறுபடி கூட்டி எழுதினாள்.

“கடைசித் தபான்னியே,” என்றேன் மெதுவாக.

“அது தெரியாதப்ப சொன்னது. இப்ப வருதுன்னு தெரிஞ்சிபோச்சே.” கழுத்தைச் சொடுக்கிக்கொண்டாள். “வண்டிங்க போவுதா?”

எட்டிப் பார்த்தேன். ரெண்டு லாரி நீளம் நகர்ந்து மறுபடி நின்றிருந்தது.

“நின்னுடுச்சு.”

“அப்போ நீ வெளியே போ. இந்தக் கம்ப்யூட்டர் பக்கமே வராதே. நம்பர இவன் படிக்கட்டும்.”

நண்பன் தாளை வாங்கிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் சாலைக்கு வந்து சுவரோரம் நின்றேன். முதுகு வலித்தது. ஒரு டிரைவர் லுங்கியை உதறிக்கொண்டு வந்தார்.

“இன்னா சார், எப்போ நவுரும்?”

“ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நவுராம இருந்தா நல்லாருக்கும்,” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபடி வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.