வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டிய திங்கட்கிழமை

இத்தாலியின் கத்தன்சாரோவில் நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர் வித்தாலியானோ தலாரிக்கோ. பணிமனையில் வண்டிக்கு அடியிலிருந்து எழும்போது தலையில் பலமாக அடிபட்டது. காயம் ஆறிவிட்டது. ஓராண்டு கழித்து வலிப்பு வந்தது. ஓட்டுநர் உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். உடல்நலம் குன்றியவர்களுக்கான ஒதுக்கீட்டில் அவருக்குப் பல்கலைக்கழக எலிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கிருந்த எலிகளுக்கும் வலிப்புதான்.

"பாத்துப் பாத்துதான் போட்டிருக்காங்க உங்களை," என்றாள் மனைவி இம்மா.

"ஆமா, சொந்தக்காரங்களோட சேத்து வச்சுட்டாங்க."

அந்த எலிகள் விழுந்து துடிப்பதில்லை. பிறவியிலேயே உள்ள நோய் அது. வளர்ந்த பிறகுதான் வெளியே தெரியும். நடந்துகொண்டே இருக்கும் எலி சில நொடிகள் உறைந்து நிற்கும், மீசை மட்டும் துடிக்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் போய்த் தீனியைக் கடிக்கும். நோய் தலைகாட்டும் முன்பே, குட்டியிலேயே மருந்து கொடுத்தால் அது வராமலே போகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார் டாக்டர் ஒர்தென்சியா கல்லெல்லி. பாதிக் குட்டிகளுக்குத் தண்ணீரில் மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். சில மாதம் கழித்து மருந்தை நிறுத்திவிட வேண்டும். மருந்து உள்ளே போகிறவரை வலிப்பு அடங்கியிருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. நிறுத்திய பிறகும் அடங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தண்ணீர் கலப்பது வித்தாலியானோவின் பொறுப்பு. "திங்கக்கிழமையிலேருந்து எல்லாத்துக்கும் வெறும் தண்ணி, மாமா," என்று ஒர்தென்சியா சொல்லியிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை மருந்தை நிறுத்த வித்தாலியானோவுக்குக் கை வரவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அவரே ஒருமுறை மாத்திரையை நிறுத்தி, மீன்கடை ஐஸ் பெட்டியின் மேல் விழுந்து கிடந்தவர். அன்று நரம்பு மருத்துவர் திட்டிய திட்டு மறக்கவில்லை: "நிறுத்தணும்னா கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும்யா, டக்குனு நிறுத்தக் கூடாது!" சின்னப் பெண், சொல்ல மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். ஜாடியில் மிச்சமிருந்த மருந்துப் பொடியை முதலில் வழக்கமான அளவில் பாதியாகக் கலந்தார், பிறகு காலாக. ஜாடி காலியானபோது ஏறக்குறைய ஒரு மாதம் ஓடியிருந்தது. யாரிடமும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

அடுத்த வாரம் எலிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். ஒர்தென்சியா மகிழ்ச்சியில் எல்லோருக்கும் மொர்செல்லோ வாங்கி வந்தார். குடல் குழம்பை வழிய வழிய நிறைத்த ரொட்டி அது.

"கை கழுவிட்டு வாங்க மாமா! ஒரு மாசமா வெறும் தண்ணி, அப்பவும் அலை எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க!"

"ஒரு மாசமாவா?"

"நீங்கதானே ஊத்துனீங்க?"

குழம்பு அவர் சட்டைக் கையில் சொட்டியது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேசினால் வேலை போகும். ஐம்பத்து நான்கு வயதில், இந்த நோயோடு, வேறு யார் கூப்பிடுவார்கள்? ஆனால் இந்த முடிவு அச்சில் ஏறும். அதை நம்பி ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒரு மருத்துவர் ஒரு பிள்ளையின் மாத்திரையை நிறுத்திவிட்டால்?

"வெறும் தண்ணி போன வாரத்துலேருந்துதான், டாக்டர். அதுக்கு முன்னாடி கொறைச்சுக் கொறைச்சு ஊத்தினேன்."

ஒர்தென்சியா ரொட்டியைக் கீழே வைத்தார். "யாரு கொறைக்கச் சொன்னா?"

"என் டாக்டரு."

"உங்க டாக்டரா? எலிக்கு யாரு டாக்டர்?"

"நீங்கதான்."

"அப்ப என்னைக் கேக்கணும்ல?"

ஒர்தென்சியா வெளியே போய் வெகுநேரம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார்.

"துறைத் தலைவர்கிட்ட சொல்லிட்டேன். உங்க பேரையும் சொன்னேன்."

"சொல்லத்தான் வேணும்."

"ஆளைத் தூக்குன்னாரு. தானா வாயைத் தொறந்து சொன்னவரைத் தூக்கினா, இனிமே இங்க எவனும் எதையும் சொல்ல மாட்டான்னேன். வேலை இருக்கு. தண்ணி மட்டும் வேற ஆள் பாப்பாங்க."

அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டார்கள். மருந்து உண்மையில் நின்ற நாளிலிருந்து மாதத்தைப் புதிதாக எண்ணி, மறுபடி பதிவு செய்தார்கள். மருந்து குடித்து வளர்ந்த எலிகளுக்கும் இப்போது வலிப்பு வந்தது. ஆனால் மற்றவற்றுக்கு வந்ததில் பாதிகூட இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த கதையையும் சேர்த்து அப்படியே எழுதினார் ஒர்தென்சியா.

"எனக்கு அடிபட்ட அன்னைக்கே இந்த மருந்தைக் கொடுத்திருந்தா?" என்று ஒருநாள் கேட்டார் வித்தாலியானோ.

"இது பொறவியிலேயே வர்றது மாமா. அடிபட்டு வர்றதுக்கு வேற எலி, வேற மருந்து தேடுறாங்க. இன்னும் யாருக்கும் தெரியலை."

அவர் தலையாட்டிவிட்டுக் கூண்டு கழுவப் போனார்.

அடுத்த தொகுதிக் குட்டிகள் வந்தபோது தண்ணீர் வேலை மறுபடி அவர் கைக்கே வந்தது. மருந்தை நிறுத்தும் நாளில் ஒர்தென்சியா வந்து, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"நம்பிக்கை இல்லையா, டாக்டர்?"

"இல்ல. ஊத்துங்க."

வித்தாலியானோ சிரித்துக்கொண்டே முதல் புட்டியைக் குழாயடியில் பிடித்தார்.