ஐயாத்துரை தட்டிப் பார்த்த சைக்கிள்

என் தம்பி ஐயாத்துரை தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டான். பானையைத் தட்டுவான், பூசணிக்காயைத் தட்டுவான். பெண் பார்க்கப் போன வீட்டில் கதிரையையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அதில் உட்கார்ந்தான். அதைப் பார்த்து அன்னபாக்கியம் சிரித்தாள். கலியாணம் நடந்தது அந்தச் சிரிப்பால்தான், சாதகத்தால் அல்ல. யார் என்ன சொன்னாலும் நான் இதைத்தான் சொல்லுவேன்.

அக்கராயனில் அவனுக்கு வயலும் ஒரு சைக்கிளும் இருந்தன. மாரி முழுக்கச் சைக்கிள் மாட்டுக்கொட்டிலில் நின்றது. ஆசனம் மட்டும் அலுமாரிக்குள் இருந்தது. கள்ளன் கொண்டுபோனாலும் நின்றுகொண்டே ஓடட்டும் என்பது அவன் எண்ணம்.

தை பிறந்தது. துணுக்காயில் அன்னபாக்கியத்தின் தங்கைக்குப் பொன்னுருக்கு. விடிந்தால் தாலிக்குப் பொன் உருக்குகிறார்கள். பாதை வெள்ளத்தில் கழுவுண்டு வஸ் இல்லை. அன்றைக்கென்று ஓர் எருமை சைக்கிளில் முதுகு தேய்த்து, அலுத்துப்போய், அதன்மேலேயே படுத்துவிட்டது.

எருமையை எழுப்பிவிட்டுப் பார்த்தால், சைக்கிளின் குறுக்குப் பார் கொஞ்சம் வளைந்திருந்தது. ஐயாத்துரை அகப்பைக் காம்பால் தட்டினான். முன்குழாய் ‘ணங்’ என்றது. ஆசனம் செருகும் குழாய் ‘டொப்’ என்றது.

“வெடிச்சுப் போச்சு. இதில இவளை ஏத்தமாட்டன்.”

“எங்கையப்பா வெடிப்பு? காட்டுங்கோ!” என்றாள் அன்னபாக்கியம்.

“உள்ளுக்கை.”

நான் ஒவ்வொரு பொருத்திலும் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பெயின்ற் உரியவில்லை, நகமும் மாட்டவில்லை.

“வளைஞ்சிருக்கு, வெடிக்கேல்லை. ஓடு!” என்றேன்.

“அக்கா, பாதி வழியில முறிஞ்சு இவள் விழுந்தால் மாமிக்கு ஆர் பதில் சொல்லுறது?”

“நான் போகாட்டி மட்டும் அம்மா உங்களைக் கொஞ்சுவாவோ?” என்றாள் அன்னபாக்கியம். கண் கலங்கியிருந்தது.

அவன் பாரில் நெல்மூட்டையை ஏற்றி முற்றத்தைச் சுற்றி உருட்டினான். ஒன்றும் முறியவில்லை.

“மூட்டை பேசாமல் இருக்கும். இவள் ஆடி ஆடியெல்லோ கதைப்பாள்!”

அவளுக்குப் பொறுக்கவில்லை. அலுமாரியைத் திறந்து ஆசனத்தை எடுத்து வந்து தானே குழாயில் செருகினாள். பாதியில் நின்றுவிட்டது. சைக்கிளைக் கவிழ்த்து ஈர்க்குக் கட்டால் குத்தினாள். பொலபொலவென்று மண் கொட்டியது. மாரி முழுக்கக் குளவி அதற்குள் கூடு கட்டியிருக்கிறது!

மறுபடி தட்டினாள். ‘ணங்.’

அதே காம்பால் ஐயாத்துரையின் தலையிலும் ஒரு தட்டு. ‘டொப்.’

“மச்சாள், இதுக்குள்ளையும் கூடு இருக்கு,” என்றாள் என்னிடம்.

புறப்பட்டார்கள். சைக்கிள் வலப்பக்கம் இழுக்க, அவள் இடப்பக்கம் சாய்ந்து இருந்து, ஆடி ஆடிக் கதைத்துக்கொண்டே துணுக்காய் போய்ச் சேர்ந்தாள். பார் முறியவில்லை. நான் சொன்னேனா இல்லையா?

மறுநாள் பொன்னுருக்கில் மூத்த மருமகன் என்று தேங்காயை அவன் கையில் கொடுத்தார்களாம். சுபநேரம் போகிறது, பொன் உருக்கும் பத்தர் குறட்டோடு காத்திருக்கிறார், சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவன் தேங்காயைக் காதுக்குக் கிட்டப் பிடித்துத் தட்டினானாம்.

“உடையுங்கோ தம்பி!” என்று முதலில் கத்தியது மாமியார்தானாம்.