குதிரை வயிற்றுக்குக் கீழே

சி ரூசா கடற்கரையில் ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்தபோது, என் இரண்டரை வயது மகள் மணலில் குப்புற விழுந்தாள். காதைப் பொத்திக்கொண்டு வாயை அகலத் திறந்தாள். என் கணவர் சிரித்துக்கொண்டே படம் பிடித்தார். நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். இது யார் சொல்லிக்கொடுத்த பாடம் என்று எனக்குத் தெரியும்.

நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் தோட்டக் குடியிருப்பில் இருக்கும் அக்கா. இலங்கையில் சண்டை நடந்தபோது பதுங்குகுழிகளில் கிடந்து பிழைத்தவர். எங்கள் நாட்டுக்கு வந்து கோயில் கட்டுகிறவர்களுக்குச் சிமெண்டு குழைத்துக் கொடுத்தார். ஒருநாள் மேஸ்திரி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒரு பூதச் சிலையின் மூக்கு உடைந்தது. இவர் ஒட்டிய மூக்கு பழையதைவிட நன்றாக இருந்தது. அப்படித்தான் சிற்பியானார். சுற்றுவட்டாரத்துச் சாமிகளில் பாதிப் பேருக்கு இப்போது அக்காவின் மூக்குதான். அது சற்றுப் பெரிய மூக்கு.

அப்போது எங்கள் கோயிலுக்கு முனியாண்டியின் குதிரையைச் செய்துகொண்டிருந்தார். வயிற்றுக்கு முட்டுக்கொடுக்கும் தூண் வைக்க மறுத்துவிட்டார். கீழே இரண்டு பேர் படுக்க இடம் வேண்டுமாம். அதனால் கால்கள் தடித்துவிட்டன.

"குதிரையா லா இது?" என்றார் கோயில் தலைவர்.

"உங்கட முனியாண்டி என்ன, மெலிஞ்ச ஆளோ? தாங்க வேணாமோ?" என்றார் அக்கா.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அக்காவும் மகளும் இருந்த கோயிலுக்கு நேரே போனேன். குழந்தை மனநலம் பற்றிப் படித்த கட்டுரைகளையெல்லாம் ஒரு பேச்சாகத் தயாரித்து வைத்திருந்தேன். லோபாக்கில் ஒரு நர்சரியில் இடமும் கேட்டிருந்தேன்.

"அக்கா, சத்தம் கேட்டா பாப்பா படுத்துடுறா."

"வாயைத் திறந்தவளோ?"

"திறந்தா."

"கெட்டிக்காரி. மூடினா காதுச் சவ்வு கிழிஞ்சிடும்."

பேச்சு மறந்துபோனது. "இங்க குண்டு விழாதுக்கா. அவளுக்குப் பயம் பழகிடும். இனிமே அவ முன்னாடி படுக்காதீங்க. இல்லன்னா லோபாக்ல விட்டுடுவேன்." சாமி செய்கிறவரை மிரட்டுகிறோமே என்று உடனே உறுத்தியது.

"ஓம், படுக்க மாட்டன்," என்றார்.

அன்று பார்த்துக் கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள். வீட்டு வரிசைக்குப் பின்னால் புகை இயந்திரம் உறுமியது. மகள் ஓடிக் குதிரைக்குக் கீழே படுத்தாள். அக்கா நின்றார். கரண்டியிலிருந்து சிமெண்டு அவர் காலில் பொத்பொத்தென்று விழுந்தது. அந்த வெயிலில் பற்கள் அடித்துக்கொண்டன. கொடுத்த வாக்குக்காக நின்றார்.

"பெம்மா, படு," என்று மகள் அழத் தொடங்கினாள். சத்தத்துக்கு அவள் அழவில்லை. பெரியம்மா நிற்பதைப் பார்த்துத்தான் அழுதாள்.

"படுங்கக்கா," என்றேன். அசையவில்லை. தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நானும் பள்ளிச் சேலையோடு படுத்தேன். இடம் இரண்டு பேருக்குத்தான்; என் பின்புறம் வெளியே இருந்தது. மகள் என் வாய்க்குள் விரலை விட்டுத் திறந்தாள். மருந்துப் புகை தொண்டைவரை இறங்கியது.

புகை விலகியபோது தலைவரின் செருப்பு தெரிந்தது. "டீச்சர், என்ன லா பண்றீங்க?"

அக்காவின் குரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "குதிரைக்குப் பிள்ளைப்பேறு பாக்கிறம். ஆம்பிளையள் வெளியில நில்லுங்கோ."

நர்சரியில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாளும் மகளை அக்காவிடமே விட்டேன். நான் செய்தது சரிதானா என்று அவரிடமே கேட்டேன்.

"பிழையெண்டா, வளர்ந்த பிறகு அவளே உன்னை ஏசுவாள். அதுக்கு முதல் நீ ஏன் உன்னையே ஏசிக்கொண்டு நிக்கிறாய்?" என்றார்.